ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை: எந்தக் காட்டுப் பாதையால் வருவது?

உவர்மலைப் பிள்ளை எழுதியது:

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் பிறந்து வளர்ந்த நான், வேலை காரணமாக நான்கு ஆண்டுகளாக யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். அப்பா மறைந்த பின் வருகின்ற இரண்டாவது ஆடி அமாவாசை இது. சென்ற ஆண்டு விடுப்புக் கிடைக்காமல் யாழ்ப்பாணத்துக் கீரிமலைத் தீர்த்தத்தோடு நின்றுகொண்டோம். இம்முறை அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டில் நிற்பதால், கோணேசர் கடலில்தான் தீர்த்தமாட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வருகிறது. எனக்கு வேலை முடிவது வெள்ளிக்கிழமை நண்பகல்.

காரில் 70 வயதான அம்மாவும் ஒன்பது வயது மகனும் நானும் வருவோம். ஓட்டுவது நான் ஒருத்திதான். வவுனியா வரை பல தடவை ஓட்டியிருக்கிறேன். அதற்கு அப்பால் இதுவரை பேருந்தில் தூங்கிக்கொண்டே வந்தவள் என்பதால், பாதையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

எல்லோரும் சொல்வது ஏ9 வீதியால் வவுனியாவுக்கு வந்து, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் போகும் பாதை. அம்மா கேட்பதோ மாங்குளம், நெடுங்கேணி, வெலிஓயா வழியாகப் புல்மோட்டைக்கு வந்து, கடலோரமாக நிலாவெளிக்கு இறங்கும் பாதை. அப்பா திருமணமான புதிதில் புல்மோட்டைக் கனிய மணல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அம்மா குடித்தனம் தொடங்கியதே அங்குள்ள விடுதியில்தான். 1980களின் பின் அந்தப் பக்கம் அவர் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குப் புறப்பட்டால் இருட்டுமுன் வீடு சேரலாமா? அம்மா கேட்கும் பாதை, தனியாக ஓட்டும் ஒருத்திக்கு ஏற்றதுதானா? யானை வீதியில் நின்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் உதவியாக இருக்கும்.

பழைய சாரதி எழுதியது:

பிள்ளை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் லொறியும் பேருந்தும் ஓட்டி ஓய்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வெள்ளி நண்பகல் புறப்படுவதாயின் வவுனியாப் பாதையைத் தவிர வேறெதையும் நினைக்க வேண்டாம். அதையுங்கூட நான் அரை மனதோடுதான் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறக்குறைய 140 கிலோமீற்றர். வீதி நல்ல வீதிதான். ஆனால் காருக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்பது வேக எல்லை, அதை மீறுபவரைப் பிடிப்பதற்கென்றே மரநிழல்களில் காத்து நிற்கிறார்கள். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தாமல் எந்த வாகனமும் போவதில்லை. தேங்காய் உடைத்து, கச்சான் (நிலக்கடலை) வாங்கி, பையன் கைகழுவி ஏற அரை மணித்தியாலம் போய்விடும். வவுனியாவில் தேநீர் குடித்து எழும்போது மாலை நாலேகால் ஆகியிருக்கும். அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வரை ஏ29, பிறகு ஏ12. இந்த இரண்டு துண்டுக்கும் சேர்த்து இரண்டு மணித்தியாலம் வையுங்கள். அப்படியானால் கன்னியாவைக் கடக்கும்போது ஆறேகால். இந்த நாட்களில் ஆறரையை அண்டிப் பொழுது சாய்ந்துவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே கையில் மிஞ்சுவது கால் மணித்தியாலம்தான். ஒரு ரயருக்குக் காற்றுப் போனால் அதுவும் இல்லை. அமாவாசைக்கு இரண்டு நாள் முந்திய இரவு என்பதையும் மறக்க வேண்டாம். நிலவு விடியப்புறம்தான் தலைகாட்டும்.

நான் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறேன் என்றால், 2012 ஆம் ஆண்டில் ஒருநாள் வவுனியாவிலிருந்து வெறும் லொறியோடு திரும்பினேன். நேரம் ஏழரை. முதலிக்குளத்துக்குச் சற்று முன்னால், எதிரே வந்த மோட்டார் சைக்கிளுக்காக வெளிச்சத்தைத் தாழ்த்தியிருந்தேன். வீதியோரத்தில் இரண்டு பாலை மரத்தடிகள் தெரிந்தன. இந்த இடத்தில் இவ்வளவு கிட்ட மரம் இல்லையே என்று மனம் சொல்லி முடிப்பதற்குள், ஒரு தடி இடம் மாறி வைத்தது. தாழ்த்திய வெளிச்சம் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. அதற்கு மேலே இருந்ததெல்லாம் இருட்டோடு இருட்டாக இருந்தது. நான் நிறுத்தியபோது இடையில் பதினைந்து மீற்றர்கூட இராது. காலில் காய்ந்திருந்த சேறு, வற்றிய குளத்துத் தரை போல வெடித்திருந்ததை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். பதற்றத்தில் ஹோர்னை அழுத்தினேன். அது போகவில்லை, ஓரடி முன்னே வைத்தது. பிறகு எனக்கென்ன என்பது போல வீதியைக் கடந்து போயிற்று.

2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு வரக் கப்பலுக்குக் காத்துக் கிடந்த காலத்தையும் பார்த்தவன் நான். இன்று பாதை திறந்திருக்கிறது. ஒரு நாள் பிந்தி வந்தாலும் பகலில் வாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

குச்சவெளிக்காரி எழுதியது:

ஐயா சொன்ன நேரக் கணக்கோடு எனக்கு உடன்பாடே. ஆனால் அம்மாவின் பாதையை அப்படியே தள்ளிவிட வேண்டியதில்லை, தங்கை. நான் அந்தப் பாதையால் ஆண்டுக்கு மூன்று நான்கு தடவையாவது முல்லைத்தீவுக்குப் போய்வருகிறவள்.

முதலில் ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தைப் பார்த்தால் கொக்கிளாயும் புல்மோட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் எதிரெதிரே இருக்கும். அதை நம்பி முல்லைத்தீவிலிருந்து கடலோரமாகவே கொக்கிளாய்க்கு இறங்கினால், களப்பின் (கடலேரியின்) முகத்துவாரத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் கடைசியாகப் போனபோதும் அங்கே பாலம் இல்லை. ஆட்கள் படகில் கடப்பார்கள், கார் கடக்காது. என் உறவினர் ஒருவர் எதிர்க்கரையில் நின்று எனக்குக் கைகாட்டிவிட்டு, களப்பைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது நான் சமைத்து முடித்திருந்தேன். ஆகவே நெடுங்கேணியிலிருந்து வெலிஓயாவுக்குத் திரும்பி, பதவி சிறிபுர பக்கமாகக் களப்பைச் சுற்றித்தான் புல்மோட்டைக்கு வர வேண்டும். அந்தச் சுற்றுத்தான் உண்மையான காடு. இடையிடையே குடியேற்றங்களும் வயல்களும் வந்தாலும், எதிரே ஒரு வாகனமும் காணாமல் நெடுநேரம் ஓட வேண்டியிருக்கும். சில இடங்களில் கைப்பேசித் தொடர்பும் அறுந்துபோகும். எரிபொருளை ஏ9 வீதியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆற்றைக் கடக்கும் தாம்போதிகள், மாரியில் குளங்கள் வான் பாயும்போதுதான் அச்சம் தருபவை. ஆடியில் அவற்றில் மணல்தான் கிடக்கும்.

புல்மோட்டைக்கு வந்துவிட்டால் பிறகு கவலையில்லை. அங்கிருந்து திருகோணமலை ஏறத்தாழ 55 கிலோமீற்றர், நல்ல தார் வீதி. திரியாய், குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளி என்று ஊர்களும் பாலங்களுமாக வரும். கச்சான் காற்று அடிக்கும் காலம் என்பதால் வெயில் முகத்தில் அறையும், ஆனால் கடல் குளம்போலக் கிடக்கும். (முறிகண்டியில் கொறிப்பதும் கச்சான், இங்கே அடிப்பதும் கச்சான், வெளியூர் மருமகன் ஒருவருக்கு இதை விளங்கப்படுத்த ஒரு பகல் போயிற்று.)

என் யோசனை இதுதான். வெள்ளிக்கிழமை மாங்குளம் வரை மட்டும் வந்து, தெரிந்தவர் வீட்டில் இரவு தங்குங்கள். சனிக்கிழமை வெளிச்சம் நன்றாக வந்த பின் புறப்பட்டால், முற்பகலிலேயே அம்மா புல்மோட்டையில் நிற்பார்.

சல்லிக் கரையான் எழுதியது:

அமாவாசை விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் வேண்டுமே. வன்னிப் பக்கம் வீதியோரத்தில் கண்டால் உடனே வாங்கிவிடுங்கள். முதல் நாள் திருகோணமலைச் சந்தையில் ஒரு பிடிக்கு அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டால் விரதம் அங்கேயே முறிந்துவிடும்.

நெடுங்கேணி வயற்காரன் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். யானையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பரணில் கண்விழித்து யானை பார்த்தே வளர்ந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

பழைய சாரதி ஐயா கோபிக்கக் கூடாது: ஹோர்ன் அடித்தது பிழை. யானைக்குப் பார்வை குறைவு, செவியும் மோப்பமுமே அதற்கு வழி. பெரிய சத்தம் அதற்கு அறைகூவல் போலக் கேட்கும். கண்டவுடன் இயன்ற அளவு தூரத்திலேயே நிறுத்துங்கள். இயந்திரத்தை அணைக்க வேண்டாம், பின்னோக்கி எடுக்க ஆயத்தமாக இருங்கள், வெளிச்சத்தை அதன் முகத்தில் அடிக்காதீர்கள், கண்ணாடியை உயர்த்திவிடுங்கள். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே நகரவும் வேண்டாம். பெண் யானைகள் கூட்டமாகவே திரிபவை. முன்னால் போனதற்கும் பின்னால் வரப்போகும் குட்டிக்கும் இடையில் உங்கள் கார் அகப்பட்டால், அதைவிடக் கெட்ட இடம் வேறில்லை.

பலர் செய்யும் இன்னொரு தவறு, தந்தம் இல்லாததைக் கண்டு அது பெண் யானைதான், சாது என்று நினைப்பது. இலங்கையில் ஆண் யானைகளிலேயே நூற்றுக்கு ஏழளவில்தான் தந்தம் உண்டு. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 5,879 யானைகள் என்று கண்டார்கள். அவற்றில் கொம்பன்கள் சிறு தொகையே. ஆகவே தனியாக நிற்கும் தந்தமில்லாத யானை பெரும்பாலும் அலியன்தான் (தந்தமில்லாத ஆண்), வயலுக்குள் இறங்கி எங்களை அழவைப்பதும் அவன்தான். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே எண்ணெய் வழிந்ததுபோல ஒரு கறுத்த கோடு தெரிந்தால் மதநீர் வடிகிறது என்று பொருள். அப்போது வேடிக்கை பார்க்கவே கூடாது, வந்த வழியே திரும்பிவிட வேண்டும். மற்றும்படி, காதை விசிறிக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டு நின்றால் அது தன் பாட்டில் இருக்கிறது. காது விரிந்தபடியே அசையாமல் நின்று, வால் விறைத்து உயர்ந்தால், அது உங்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டது.

பையன் பழம் எறிய ஆசைப்படுவான், விடாதீர்கள். வாழைப்பழத்துக்கும் சோளத்துக்கும் பழகிய யானை, அடுத்த வாகனத்தையும் மறித்துக் கேட்கும். கொடுக்காத மோட்டார் சைக்கிள்காரன்தான் அதன் விலையைக் கட்டுவான். வீதியில் யானை விலகாமல் நின்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண் 1992. ஆளுக்கு ஏதும் நேர்ந்தால் நோயாளர் காவுவண்டிக்கு 1990.

ஆடியில் சிறு குளங்களெல்லாம் வற்றிப்போவதால், யானைகள் பெருங்குளங்களைத் தேடி மாலையில் வீதியைக் கடக்கின்றன. காலையில் வெயில் ஏற ஏறக் காட்டுக்குள் ஒதுங்கிவிடும். ஆறரைக்கு முன் புறப்படாதீர்கள், பிற்பகல் நாலரைக்குப் பின் அந்தப் பாதையில் இராதீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு உண்மையையும் சொல்கிறேன்: இங்கே வாகனங்கள் அதிகம் மோதுவது யானையில் அல்ல, கட்டாக்காலி மாட்டில். பகலில் சூடேறிய தார் இரவில் கதகதப்பாக இருப்பதால், மாடுகள் வீதி நடுவிலேயே படுத்து அசைபோடும். கறுத்த மாடாயின் கிட்ட வரும்வரை கண்ணில் படாது. இருட்டில் ஓட வேண்டாம் என்பதற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

உவர்மலைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடன் வேலை செய்யும் ஒருவரின் பெற்றோர் மாங்குளத்தில் இருக்கிறார்கள். தங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பழைய சாரதி ஐயா, ஒரே ஒரு கேள்வி: பகலில் அந்தப் பாதையில் போவதற்கு நீங்கள் சம்மதமா?

பழைய சாரதி எழுதியது:

பகலில் என்றால் சம்மதம், பிள்ளை. ஹோர்ன் விடயத்தில் நெடுங்கேணித் தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு என் கை என் சொல் கேட்கவில்லை. மேலதிக ரயருக்குக் காற்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அதை யாரும் பார்ப்பதில்லை.

உவர்மலைப் பிள்ளை எழுதியது:

வந்து சேர்ந்து ஒரு கிழமை ஆகிறது. இனி இந்தப் பாதையால் வரப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில், மேலதிக ரயரில் காற்றே இருக்கவில்லை. பழைய சாரதி ஐயாவின் சொல்லைக் கேட்டு வெள்ளிக்கிழமை காலை திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆறு மாதங்களுக்கு முன் அதை ஒட்டித் தந்த கடைக்காரர் ஆணியை எடுக்காமலே ஒட்டியிருக்கிறார்.

மாங்குளத்தில் தங்கி, சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் புறப்பட்டோம். ஒட்டுசுட்டான் வரை ஏ34 வீதி. நெடுங்கேணியைத் தாண்டிய பின் வீதியில் நாங்கள் மட்டும்தான் என்ற நிலை வந்தது. மயில்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஓரிடத்தில் வீதி நடுவே யானை இலத்தி கிடந்தது. மகன் கேட்டுக்கொண்டதற்காக மெதுவாகக் கடந்தேன்: ஈரம் காயவில்லை, மேலே ஆவி எழுந்துகொண்டிருந்தது, உள்ளே முழுசாகப் பனங்கொட்டை ஒன்று இருந்தது. வலப்பக்கம் ஒரு வீரைக் கிளை முறிந்து வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் கண்ணாடியை உயர்த்தினார்.

யானையைப் பிறகு வெலிஓயாப் பக்கம் வற்றிய குளமொன்றின் அடியில் கண்டோம். முந்நூறு மீற்றர் தள்ளி ஒற்றையாக நின்றது, தந்தம் இல்லை. பெண் யானையாக இருக்கும் என்று அம்மா சொல்ல, இல்லை, அலியன் என்று மகன் திருத்தினான் (முதல் நாள் இரவு உங்கள் பதில்களை அவனுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்). காதை விசிறிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

புல்மோட்டையை அடைந்தபோது பத்து மணி கடந்திருந்தது. அம்மா இருந்த விடுதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த வளைவுதான் என்றார், பிறகு இல்லை என்றார். கடற்கரையில் இறங்கி ஈர மணலில் கொஞ்சத் தூரம் நடந்தார். அப்பா வேலைவிட்டு வந்தால் வாசலில் கால் கழுவிய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு படியுமாம். இல்மனைற்று கலந்த மணல், எவ்வளவு தேய்த்தாலும் போகாதாம். அன்று மாலை எங்கள் கிணற்றடியில் அம்மா கால் கழுவிய பிறகு, சீமெந்தில் அதே கோடு மினுமினுத்தது. அண்ணன் அதைக் கழுவ வாளியைத் தூக்கினார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

காத்தோட்டிக்காய் வழியில் எங்கும் அகப்படவில்லை. நிலாவெளியில் ஒரு முதியவர் சாக்கு விரித்து வைத்திருந்தார். சல்லிக் கரையான் சொன்ன விலை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. பாலைப்பழம் மட்டும் பருவத்தின் கடைசியாக மாங்குளத்தில் கொஞ்சம் கிடைத்தது. உதட்டில் எண்ணெய் பூசிக்கொள் என்று சொன்னதைக் கேட்காத மகன், முறிகண்டிக் கச்சானைக்கூட வாய் திறந்து கேட்க முடியாமல் உதடு ஒட்டியபடியே குச்சவெளி வரை வந்தான்.

திரும்பும்போது நேரம் குறைவு என்பதால் வவுனியாப் பாதையையே எடுத்தோம். காலையில் ஆறரைக்குப் புறப்பட்டோம். முதலிக்குளத்தை நெருங்கியதும் மகன் முன்னால் சாய்ந்து, வீதியோரத்து மரத்தடிகளை ஒவ்வொன்றாக, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான்.